அடுப்படிக் கேள்விகள்: ரசம் ஏன் கசக்கிறது?

கோவையில் பெண்கள் விடுதி ஒன்றின் சமையற்கட்டைப் பல வருடம் நடத்தியவர், வாசகர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில், இப்போதுதான் கரண்டி பிடித்திருப்பவர்களின் கடிதங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மதியச் சாப்பாடு கம்பெனி கேன்டீனில் முடிந்துவிடும். ராத்திரி பரோட்டா தின்று தின்று வயிறு கெட்டுவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பும் 3 லிட்டர் குக்கரும் வாங்கி வைத்திருக்கிறோம். வீடியோக்களில் ஒரு குழம்புக்கே பதினெட்டு சாமான் சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
– ஓசூர் வாசகர்

தம்பி, வீடியோவைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்தில் ஆரம்பியுங்கள். எங்கள் கொங்குப் பக்கம் வீட்டில் காய் இல்லாத நாளிலும், கல்யாணத்துக்குப் போய்விட்டு அலுத்து வந்த ராத்திரியிலும் இதுதான் பொங்கும். ஒரே குக்கர், முக்கால் மணி நேரம், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும். மூன்று பேருக்கும் வயிறு நிறையும்.

200 மில்லி டம்ளரில் ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி ஒன்றாக ஊற வையுங்கள். அது ஊறுகிற இருபது நிமிடத்தில் சின்ன வெங்காயம் ஒரு கை உரித்து நறுக்குங்கள். தக்காளி இரண்டு, பூண்டு ஆறு பல், வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை. கடுகு, சீரகம், மஞ்சள்தூள், சாம்பார் பொடி எல்லாம் டப்பா திறந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அதுவரை அடுப்பைத் தொடக்கூடாது. கடுகு வெடித்துக்கொண்டிருக்கும்போது வெங்காயம் தோலோடு கிடந்தால் யாருக்கும் கை பதறத்தான் செய்யும். புதிதாகச் சமைப்பவர்களின் பயத்தில் முக்கால்வாசி அங்கேதான் ஆரம்பிக்கிறது. விடுதிக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: நறுக்கி முடித்துவிட்டுப் பற்றவை.

இண்டக்‌ஷனில் பாத்திரம் சட்டென்று சூடேறும். கடுகு பொரிந்த அடுத்த நொடியே சீரகம் கருகிவிடும். தாளிக்கும்போது 800 வாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். கடலெண்ணெய் இரண்டு கரண்டி, கடுகு, அது பொரிந்து அடங்கியதும் சீரகம், மிளகாய், கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி, மஞ்சள்தூள், ஒரு சின்ன ஸ்பூன் சாம்பார் பொடி. தக்காளி கரைந்து ஓரத்தில் எண்ணெய் தெரியும்போது தண்ணீர் நாலரை டம்ளர் ஊற்றுங்கள். குழைவாகப் பிடிக்கும் என்றால் ஐந்து. உப்பு போட்டு, தண்ணீர் கொதித்ததும் ஒரு கரண்டி எடுத்து ஆற்றி நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பும் காரமும் கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும், அரிசி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அரிசி பருப்பைப் போட்டு மூடி, மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். திறந்து ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கிளறினால், பக்கத்து அறைக்காரர்களும் தட்டோடு வந்து நிற்பார்கள்.

குக்கரைப் பற்றி ஒன்று. அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டாத வெறும் அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடே ஆகாது.

இதையே வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் அவரைக்காய் என்று ஒரே ஒரு சாமானை மட்டும் மாற்றுங்கள். தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று யோசிக்காமல் கை போகிற நாளில் ரசத்துக்குப் போகலாம். நாற்பது பண்டத்தை ஒவ்வொரு தரம் செய்து பார்த்தவரைவிட நாலு பண்டத்தை நாற்பது தரம் செய்தவரிடம்தான் நான் அடுப்பை நம்பி விட்டுவிட்டு வெளியே போவேன்.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. சாதம் ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. மாமியார் "கைப்பக்குவம், போகப்போக வரும்" என்கிறார். அதுவரை என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகி

கைப்பக்குவத்தில் பாதி, உங்கள் மாமியார் எப்போதும் ஒரே கடையில் ஒரே அரிசி வாங்கியதாகத்தான் இருக்கும், கண்ணு. அரிசி பழசாக ஆகத் தண்ணீர் அதிகம் குடிக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும். கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். குக்கரில் பச்சரிசி என்றால் ஒன்றுக்கு இரண்டரை, புழுங்கலரிசி என்றால் ஒன்றுக்கு மூன்று என்று தொடங்கி, அரை டம்ளர் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். விடுதியில் புது மூட்டை பிரித்தால் முதலில் ஒரு ஆழாக்கு பொங்கிப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்துக்கும் உலை வைப்போம். சரியாக வந்த அளவை அரிசி டப்பா மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அளவே வேண்டாம் என்றால் வடித்துவிடுங்கள். தாராளமாகத் தண்ணீர் வைத்து, கொதித்ததும் அரிசி போட்டு, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லையென்றால் கஞ்சியை வடித்துவிட வேண்டியதுதான்.

எனக்கு வயது 63. மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. இத்தனை வருடமும் காபிகூடப் போட்டதில்லை. இப்போது சாதம், பருப்பு, ஒரு பொரியல் வரை வந்துவிட்டேன். ரசம் மட்டும் கசக்கிறது. "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு டம்ளரைப் பாதியில் வைத்துவிடுகிறாள். வீட்டில் ஈயச் சொம்பு இருக்கிறது, எடுக்கவே பயமாக இருக்கிறது.
– கும்பகோணம் வாசகர்

ஐயா, அந்தப் பாதி டம்ளரைப் பார்த்துக் கசப்பைக் கண்டுபிடித்தீர்களே, உங்களுக்குச் சமையல் வந்துவிடும்.

முதலில் தாளிப்பைச் சந்தேகப்படுங்கள். சீரகமோ பூண்டோ ஒரு நொடி கூடக் கருகினாலும் மொத்த ரசத்திலும் கசப்பு இறங்கும். தாளிப்பில் வெந்தயம் சேர்த்தால் இன்னும் கவனம். அது பொன்னிறத்தைத் தாண்டவே கூடாது. பெருங்காயம் அதிகமானாலும் கசக்கும். எலுமிச்சை ரசம் என்றால் சாற்றைக் கொதிக்க விடக்கூடாது, இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். இதில் எதுவும் இல்லையென்றால் ரசத்தை அதிகம் கொதிக்க விடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளி. வெந்நீரில் ஊற வைத்துக் கரைத்து, அதில் ஒரு பெரிய தக்காளியைக் கையால் பிசைந்து விடுங்கள். மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை, ஒரு சின்ன ஸ்பூன் ரசப்பொடி. இந்தக் கட்டத்தில் தாராளமாகக் கொதிக்கலாம். எட்டு, பத்து நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட மூக்கை நம்புங்கள். ஆரம்பத்தில் அடுப்பருகே குனிந்தால் பச்சைப் புளி நெடி அடிக்கும். அது மாறி, தக்காளி வெந்த வாசனை வரும்போது வெந்த பருப்பைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுங்கள். இதற்குப் பிறகு அடுப்பை விட்டு நகராதீர்கள். போன் அடித்தாலும் சரி. ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டும், அது நடுவில் வந்து கூடி மேலே எழும்பும். தளதளவென்று கொதிப்பதற்கு முன் இறக்கிவிட வேண்டும். பருப்பு ஊற்றிய பிறகு கொதித்தால் மணம் போய்விடும், சுவையும் கடுத்துவிடும். கொத்துமல்லியைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். நெய்யில் கடுகு, சீரகம் தாளித்துக் கடைசியில் கொட்டுங்கள். கடுகு பாதி வெடிக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டுச் சீரகத்தைப் போட்டால் அந்தச் சூட்டிலேயே பொரிந்துவிடும், கருகாது.

சொம்பைத் தாராளமாக எடுங்கள். நம் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அது 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும் என்பதால் பாத்திரத்துக்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால்தான் அடி வழிந்து கொட்டும். அதனால் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள், தீ பக்கவாட்டில் ஏறாமல் சிறிதாக இருக்கட்டும், தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்யுங்கள். புதிதாகச் சொம்பு வாங்குகிறவர்கள் மட்டும் காரீயம் கலக்காததுதானா என்று தெரிந்த பாத்திரக்கடையில் கேட்டு வாங்க வேண்டும். காரீயம் உடம்புக்கு விஷம்.

எவ்வளவு விசில் விட்டாலும் துவரம்பருப்பு மசியவில்லை. போர் தண்ணீரில்தான் சமைக்கிறோம்.
– அருப்புக்கோட்டை வாசகி

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஊற வைத்து, கொஞ்சம் மஞ்சள்தூளும் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு வேக வையுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான், புளிப்பு பட்டாலும் வேகாது. காய்க்கும் இதே கதைதான். முருங்கைக்காயைப் புளித்தண்ணீரில் போட்டுவிட்டு வேகவில்லையே என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் மசியும், ஆனால் பருப்பிலிருக்கும் பி1 சத்து வீணாகும். நான் போடுவதில்லை. இத்தனைக்குப் பிறகும் வேகவில்லையென்றால் பருப்பு ரொம்பப் பழசு, கடையை மாற்றுங்கள்.

மதுரையில் முதுகலை படிக்கிறேன். குக்கர் வெடித்துவிடும் என்ற பயத்தில் விசில் வந்தால் சமையலறையை விட்டு ஓடிவிடுகிறேன். சிரிக்காதீர்கள்.
– மதுரை வாசகி

சிரிக்கவில்லை கண்ணு. பயப்பட வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொண்டால் ஓட வேண்டியிருக்காது. குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது, அதனால் சீக்கிரம் வேகிறது. அழுத்தம் மிஞ்சினால் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவி வெளியேறுகிறது. அந்தச் சத்தம்தான் விசில். குக்கர் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சத்தமே வராமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

மூடுவதற்கு முன் மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெயிட் போடும் ஓட்டை வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தெரிய வேண்டும். பருப்புத் தோலோ பருக்கையோ அங்கே அடைப்பதுதான் ஆபத்து. குக்கரில் முக்கால் பாகத்துக்குக் கீழேயே நிறுத்துங்கள், மூன்றில் இரண்டு பங்கு சரி. பருப்பு பொங்கும் என்பதால் பாதிதான். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு, தண்ணீர் வற்றிச் சூடு மிஞ்சினால் தானே உருகி ஆவியை விட்டுவிடும். அது போனால் அதே கம்பெனி வால்வு வாங்கி மாட்டுங்கள், கண்டதை வைத்து அடைக்காதீர்கள். ஓரத்தில் ஆவி கசிந்து விசில் வராவிட்டால் கேஸ்கட் தளர்ந்துவிட்டது. அவசரத்துக்கு வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ஆவியை விடும் பழக்கம் பல வீட்டில் உண்டு. நீங்கள் வேண்டாம். தானாக அடங்கட்டும்.

கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, லைட் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள்.

சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் இழுத்துக்கொள்ளுமாமே?
– சேலம் வாசகர்

சாம்பாரைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மிச்சச் சாம்பார் அதே கரிப்போடுதான் இருக்கும். உப்பில்லாத வெந்த பருப்பையும் வெந்நீரையும் சேர்த்துப் பெருக்குங்கள். பொரியலென்றால் தேங்காய்த் துருவல். அப்பளத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

மிஞ்சிய சாதத்தை அடுத்த நாள் தாளித்துச் சாப்பிடலாமா? அறையில் ஃபிரிட்ஜ் உண்டு, ஆனால் வைக்க மறந்துவிடுகிறோம்.
– சென்னை, வேளச்சேரி வாசகர்

ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அடுத்த நாள் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ தாராளமாகச் செய்யலாம். ராத்திரி முழுக்க அப்படியே வெளியே கிடந்த சாதம் வேண்டாம். வேக வைத்தும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. அவை வெதுவெதுப்பில் பெருகி விடும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. பழைய சோறு வேறு கணக்கு, அதற்குச் சாதம் ஆறியவுடன் முங்கத் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட வேண்டும். அதுவும் காலையில் வழக்கமான புளிப்பு மணம் இல்லாமல் வேறு நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். கொட்ட மனசு வரவில்லையென்றால் நாளைக்கு அரை டம்ளர் அரிசி குறைத்துப் போடுங்கள்.