வழக்கில் இல்லாத ரோசா பார்க்ஸ்

கேள்வி: அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் இருந்த இனப் பிரிவினை, ரோசா பார்க்ஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால்தானே ஒழிந்தது? (வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால், அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்த வழக்கில் ரோசா பார்க்ஸ் மனுதாரரே அல்லர். வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையிலிருந்து எழ மறுத்து 1955 டிசம்பர் 1 அன்று கைதான அவர் மீது நடந்தது, மாநில நீதிமன்றத்தின் குற்ற வழக்கு. அதன் மேல்முறையீடு, மாண்ட்கோமரி அமைந்த அலபாமா மாநிலத்துக்குள்ளேயே இழுத்தடிக்கப்படும் என்று கணித்த இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பேருந்தில் அதே அவமதிப்புக்கு ஆளான வேறு பெண்களை மனுதாரர்களாகக் கொண்டு, பிரிவினைச் சட்டமே அரசமைப்புக்கு முரணானது என்று 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்தார். இறுதிவரை உறுதியாக நின்றவர்கள் ஆரீலியா பிரௌடர், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் ஆகிய நால்வர். இவர்களில் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 15 வயதில், இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதானவர். வரலாறு அவரை இவ்வளவு காலம் ஓரமாக நிறுத்தியது நியாயமே அன்று.

மூன்று நீதிபதிகள் அமர்வு, ஜூன் 5 அன்று, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிவினைச் சட்டங்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. பள்ளிகளில் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் வழங்கிய பிரௌன் தீர்ப்பு பேருந்துக்கும் பொருந்தும் என்பது பெரும்பான்மையினரின் நிலைப்பாடு. வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்துவைக்கலாம் என்னும் ‘தனியே, ஆனால் சமமாக’ என்ற 1896ஆம் ஆண்டின் கோட்பாட்டைப் போக்குவரத்தில் உச்ச நீதிமன்றம் இன்னும் நீக்கவில்லையே என்று மூன்றாம் நீதிபதியான லின் மறுத்தார். ஏட்டளவில் அது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று. எனினும், நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், வாய்மொழி வாதங்களைக்கூடக் கேட்காமல், சுருக்கமான ஆணையில் கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இதனால் பார்க்ஸின் பங்கு குறைந்துவிடவில்லை. அவருடைய கைதுதான் கறுப்பின மக்களின் 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பை மூட்டியது. ஆனால், புறக்கணித்தவர்களை வேலைக்கு ஏற்றிச்சென்ற கார்களின் ஏற்பாட்டுக்கு உள்ளூர் நீதிமன்றம் தடை விதித்ததும் அதே நவம்பர் 13 அன்றுதான். வாஷிங்டனிலிருந்து அன்று உச்ச நீதிமன்ற ஆணையின் செய்தி வந்திராவிட்டால், டிசம்பர் 21 அன்று மக்கள் விரும்பிய இருக்கையில் அமரும்வரை போராட்டம் தாக்குப்பிடித்திருக்குமா என்பது ஐயமே.