ஊரடங்கு ஏன் பெண்களின் மனநலத்தை அதிகம் பாதித்தது?
ஊரடங்கு என்பது தொற்று பரவாமலிருக்க எல்லோரையும் வீட்டோடு இருக்கச் சொல்வது. கதவு எல்லோருக்கும்தான் அடைபட்டது; மனச்சுமை ஒரே அளவில் இறங்கவில்லை. 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த மதிப்பீட்டின்படி, 2020இல் கொரோனாவால் உலகெங்கும் கூடுதலாக ஏற்பட்ட மனச்சோர்வு பாதிப்புகள் சுமார் 5.3 கோடி. அதில் ஏறக்குறைய 3.5 கோடி பெண்களுக்கு.

பள்ளிகள் மூடியதும் பிள்ளைகளின் படிப்பு, முதியோர் பராமரிப்பு, ஓயாத சமையல் எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுந்தன. வேலையிழப்பும் சேர்ந்துகொண்டது. சில வீடுகளில் அடி உதை வேறு; அடிப்பவரோடு அடைபட்டுக் கிடப்பவளுக்கு வீடு எப்படிப் பாதுகாப்பாகும்? விளிம்புவரை நிரம்பிய குடத்தில் ஒரு செம்பு நீர் ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்!

இதை வைத்துப் பெண்களுக்கு மனத்திடம் குறைவு என்று முடிவுகட்டுவது தவறு. ஆண்கள் தவிக்கவில்லை என்பதும் தவறு, அவர்களில் பலர் வாய்விட்டுச் சொல்லவில்லை.