சமூக ஊடகத்தில் யாரைப் பின்தொடர்வது என்று மறுபடி யோசித்திருக்கிறீர்களா? இன்றைக்கு வலைப்பூ எழுத எந்தக் கருவி சரி?

முதல் கேள்விக்கு என் பதில்: யோசித்திருக்கிறேன். யோசிக்க வைத்தது 2021 நவம்பர் மழை.

நான் காட்பாடியில் இருக்கிறேன். அக்கா வீடு குடியாத்தத்தில், கௌண்டன்ய ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த வாரம் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. கௌண்டன்ய ஆற்றில் உள்ள மோர்தானா அணை நிரம்பி வழிந்ததில் குடியாத்தத்துக்குள்ளும் வெள்ளம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அக்காவின் போன் எடுக்கவில்லை. தண்ணீர் எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள, நான் வழக்கமாகப் பார்க்கும் தளத்தைத் திறந்தேன். முதலில் ஒரு சினிமாச் சண்டை. அடுத்து கிரிக்கெட். அப்புறம் யாரோ ஒருவர் யாரையோ திட்டியதற்கு இன்னொருவர் போட்ட பதில். தள்ளத் தள்ள அதுதான் வந்தது.

மாலையில் மின்சாரம் வந்து அக்காவே பேசினாள். தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே தளத்தில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எழுதியது. எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இன்னும் வரவில்லை, எந்தப் பக்கம் சுற்றிப் போகலாம் என்று ஆறே வரி. போட்ட நேரம் வெள்ளிக்கிழமை காலை 6.10. அவரை நான் இரண்டு வருடமாகப் பின்தொடர்ந்துகொண்டுதான் இருந்தேன்.

அவர் சொன்னது என்னிடம் வராமல் போனதற்குக் காரணம் சாதாரணமானது. ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் 2016 வாக்கிலேயே பதிவுகளை நேர வரிசையிலிருந்து மாற்றத் தொடங்கிவிட்டன. நாம் எதில் விரல் வைப்போம், எதில் அதிக நேரம் நிற்போம் என்று கணித்து அதை மேலே தூக்கி வைக்கிறார்கள். நான் அப்போது 1,100 பேருக்கு மேல் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். மருந்துக்கடை அண்ணனின் ஆறு வரிக்கு முன்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரையும் நிறுத்தி வைத்தது நான்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு முப்பது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், போன மாதம் இவரிடமிருந்து எனக்குத் தெரிய வந்தது என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் எடுத்துவிடுவேன். பெரிய பெயர்களைத்தான் முதலில் எடுத்தேன். அவர்கள் பேசுவது எப்படியும் டீக்கடை வரை வந்துவிடும். உறவுக்காரர்கள் விஷயத்தில் தயக்கம் இருந்தது. ஃபேஸ்புக்கில் நட்பை முறிக்காமலே பின்தொடர்வதை மட்டும் நிறுத்தலாம், அவர்களுக்கு அறிவிப்பும் போகாது. மாமா இன்னும் நட்பில்தான் இருக்கிறார். கல்யாணச் செய்தி சொல்ல அவர் போன் செய்வார், அது போதும்.

மிஞ்சியவர்கள் எண்பத்தாறு பேர். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்ளுக் கத்தரி பயிர் செய்கிற ஒருவர் இருக்கிறார். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஒரு நாள் வாழ்த்துப் போட்டு முடித்துக்கொண்டார்கள். காம்பில் உள்ள முள் எந்த வெயிலுக்கு எப்படித் தடிக்கிறது என்பதை அவர் வருடம் முழுக்கப் படம் பிடித்துப் போடுகிறார். இன்னொருவர், பழைய வட ஆர்க்காட்டில் இருந்த செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றி எழுதுகிறார். வாரம் ஒரு கல், மாடு மீட்கப் போய் இறந்த வீரன், அதன் எழுத்து, அவ்வளவுதான். கருத்தில் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத இரண்டு பேரும் பட்டியலில் உண்டு. அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறவர்கள், அதனால் வைத்திருக்கிறேன்.

பட்டியலைக் குறைப்பதோடு இன்னொன்றும் செய்யுங்கள். எக்ஸில் (முன்பு ட்விட்டர்) 'ஃபாலோயிங்' பகுதி தனியாக இருக்கிறது. இன்ஸ்டாகிராமிலும் 2022 முதல் நாம் பின்தொடர்கிறவர்களை மட்டும் நேர வரிசையில் பார்க்க வழி உண்டு. அதைத் தேடித் திறக்க வேண்டும், தானாக வராது.

இனி வலைப்பூ. 2004இல் தமிழ்மணம் வந்தபோது தமிழ்ப் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் திரண்டன. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் இருந்தவரை காலையில் அதைத் திறந்தால் போதும். 2013 ஜூலை 1 அன்று அதை மூடினார்கள், பலர் அதோடு வலைப்பூ படிப்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு வலைப்பூவின் புதுப் பதிவுகளைத் தானாக அனுப்பித் தரும் செய்தியோடை (ஆர்.எஸ்.எஸ்.) சாகவில்லை. ஃபீட்லி, இனோரீடர் மாதிரி ஓடை படிக்கும் செயலி ஏதாவது ஒன்றில் வலைப்பூ முகவரியைப் போட்டால் ஓடையை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நேர வரிசை, நடுவில் யாரும் புகுந்து வரிசையைக் கலைப்பதில்லை.

எழுத ஆரம்பிக்கிறவருக்கு நான் சொல்வது பிளாகர். 1999இல் தொடங்கியது, 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது. செலவில்லை, சர்வர் பார்க்க வேண்டாம், பிடித்தால் சொந்த முகவரியும் இணைத்துக்கொள்ளலாம். தோற்றம் பழசுதான், எழுத்துக்கு அது போதும். வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் சொந்தமாக சர்வரில் இடம் பிடித்து நடத்தினால் மென்பொருளையும் நீட்சிகளையும் (பிளகின்) விடாமல் புதுப்பிக்க வேண்டும். மாதம் ஒரு தடவை அதற்கென்று உட்கார முடியாதவர் அந்த வழிக்குப் போக வேண்டாம். கணினியில் கை பழகியவர்களுக்கு, உரைக் கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஹியூகோ என்ற மென்பொருள் நல்லது. பதிவுகள் வெறும் உரைக் கோப்புகளாக உங்கள் கையிலேயே இருக்கும். எதில் எழுதினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வையுங்கள். பிளாகரில் அமைப்புகள் பக்கத்திலேயே அதற்கு வசதி உண்டு.

மருந்துக்கடை அண்ணனைக் கடையிலேயே போய்ப் பார்த்தேன். "அண்ணா, நீங்க எழுதறது ரெண்டு நாள்ல காணாமப் போவுது, தேடினாக்கூட கிடைக்கல" என்றேன். பத்து நிமிடத்தில் அவர் போனிலேயே பிளாகர் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். இப்போது மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் பற்றி அதில் தேதி போட்டு எழுதுகிறார். ஒரு ஐப்பசி விடிகாலை, மோர்தானா நிரம்பப் போகிறது என்று அவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு உடனே அக்காவை அழைத்தேன்.

"படிச்சிட்டேன்டா. அரிசி மூட்டையப் பரண்ல ஏத்தியாச்சு" என்றாள்.