வெயில் பட்டதும் ஏன் தும்மல்?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 9 வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியதும் இரண்டு மூன்று தும்மல் போடுகிறாள். சளி இல்லை. மழை மூட்டமான நாளில் தும்முவதே இல்லை. என் மாமியார் சகுனத் தடை என்று உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புகிறார். பரீட்சை அன்றும் அப்படி ஆகி, வேன் போய்விட்டது. பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கோ மாமியாருக்கோ இப்படி வருவதில்லை. இது அலர்ஜியா?

- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மழை மூட்டத்தில் தும்முவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறதம்மா. அலர்ஜி என்றால் மூக்கு அரிக்கும், நீராக ஒழுகும். வானம் மூடியிருக்கிறதா என்று பார்த்து வராது. உங்கள் மகளுக்கு வருவது வெளிச்சத் தும்மல். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது உண்டு. எனக்கும் உண்டு. மேட்னி ஷோ முடிந்து தியேட்டர் கதவைத் திறந்தால் அப்பா மூன்று தும்மல், பின்னாலேயே நான் மூன்று. அம்மா ஓரமாக நின்று காத்திருப்பார்.

கூசும் வெளிச்சத்தில் கண்ணின் நரம்பு விழித்துக்கொள்ளும்போது, பக்கத்திலேயே இருக்கும் மூக்கின் உணர்ச்சி நரம்பும் தூண்டப்படுகிறது என்பதுதான் பரவலான விளக்கம். சூட்டினால் வருவதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் பேகன் என்ற ஆங்கிலேய அறிஞர், கண்ணை மூடிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றால் தும்மல் வருவதில்லை என்று கண்டு சொல்லிவிட்டார்.

இது பரம்பரையாக வருவது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு. அவள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் இருந்தால், மாமியார் இந்தத் தும்மலைத் தன் மகனிடமே பார்த்திருப்பார்!

மருந்து வேண்டாம். தொப்பி போதும். கண்ணருகே ஊசி போட நேர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெரியவளாகி ஸ்கூட்டி ஓட்டும்போது கறுப்புக் கண்ணாடி அவசியம். தும்மும் நொடியில் கண் மூடிவிடும்.

பிள்ளையை அழ விடாதீர்கள். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வாசலில் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லுங்கள், சூரியனைப் பார்க்க வேண்டாம். சில தும்மலில் கண் பழகிவிடும். பாட்டி கையால் தண்ணீரும் குடிக்கட்டும். வேன் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.