சர்வர் தானா ரீஸ்டார்ட் ஆகுதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி லாக்கை (மிஷின் தானே எழுதி வைக்கிற பதிவை) பாருங்க

கேள்வி: வணக்கம் சார். கடலூர் முதுநகர்ல மீன் ஏற்றுமதி கம்பெனி ஒண்ணுல கணக்கு பார்க்கிறேன். எங்க டவர் சர்வர் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ தானா ரீஸ்டார்ட் ஆகுது, ஸ்கிரீன்ல எர்ரர் எதுவும் வரல. சர்வீஸ் பண்ற தம்பி எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் குடுக்கிற பெட்டி) மாத்தினாரு, ரேம் ஒண்ணு புதுசா போட்டாரு, அப்பவும் நிக்கல, இப்ப மதர்போர்டையே மாத்தணும்ங்கிறாரு. ஓனருக்கு என்ன பதில் சொல்றது?

பதில்: மதர்போர்டுக்கு ஆர்டர் குடுக்க வேணாம்னு சொல்லுங்க. இன்னைக்கே டேட்டா முழுசையும் ஒரு வெளி டிஸ்க்ல காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கை சர்வர்லேர்ந்து கழட்டி வேற இடத்துல வைங்க, இது முடியாம யாரும் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது.

அடுத்தது விண்டோஸ்ல ஈவென்ட் வியூவரைத் திறங்க, விண்டோஸோட லாக் அதுலதான் இருக்கும். கெர்னல்-பவர் 41ன்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும், நிறைய பேர் அதுல பவர்ங்கிற வார்த்தையைப் பார்த்துட்டு எஸ்எம்பிஎஸ் மாத்திடுறாங்க, உங்க தம்பியும் அப்படித்தான் செஞ்சிருப்பாருன்னு நினைக்கிறேன். ஆனா 41 சொல்றது, சிஸ்டம் முறையா ஷட்டவுன் ஆகாம நின்னுபோச்சுங்கிறதை மட்டும்தான், ஏன் நின்னுச்சுன்னு அது சொல்லாது. அதே நேரத்தை ஒட்டி WHEA-Logger-ன்னு (ஹார்ட்வேர் எர்ரரைக் குறிச்சு வைக்கிறது) ஏதாவது பதிவாகியிருக்கான்னு தேடுங்க, அது இருந்தா ப்ராசஸர், மெமரி, பிசிஐ (போர்டுல செருகுற கார்டுகள்) இந்த மாதிரி எந்தப் பக்கம்னு ஒரு பிடி கிடைக்கும்.

இதைவிட முக்கியமானது போர்டுக்குள்ளயே இருக்கு. பெரும்பாலான சர்வர்கள்ல பிஎம்சின்னு சர்வரைக் கண்காணிக்கிற தனி சிப் ஒண்ணு உண்டு (டெல்லுன்னா ஐடிராக், ஹெச்பின்னா ஐலோ), சர்வர் ஆஃப்ல இருந்தாலும் பிளக்ல கரண்ட் இருக்கிற வரைக்கும் அது வேலை செய்யும், விண்டோஸ் செத்துப்போன நொடியில கூட அது தன் லாக்ல எழுதி வச்சிருக்கும். கரண்ட் போச்சா, சூடு ஏறிச்சா, ஃபேன் நின்னுச்சா, எந்த ஸ்லாட் ரேம்ல எர்ரர்னு வரியா இருக்கும். பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிக்காத ஆளுகிட்ட சர்வரை விடவே கூடாதுன்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா செலவு முழுக்க உங்க ஓனர் தலையில விழுது.

ரேம்னு லாக் சொன்னா உடனே புதுசு வாங்காதீங்க. சர்வர்ல இருக்கிறது இசிசி ரேம், பொதுவா 64 பிட் டேட்டாவோட 8 பிட் கூடுதலா வச்சு, ஒரு பிட் தப்பானா தானே திருத்திடும், ரெண்டு பிட் தப்பானா கண்டுபிடிக்கும் ஆனா திருத்த முடியாது, அப்பதான் மிஷின் படுத்துக்கும். அதனால திருத்தின எர்ரர் ஒரே ஸ்லாட்ல திரும்பத் திரும்ப வந்தாலே எச்சரிக்கைதான். அந்த ரேமை வேற ஸ்லாட்டுக்கு மாத்திப் போடுங்க. எர்ரர் ரேம் கூடவே போச்சுன்னா ரேம் கெட்டது, பழைய ஸ்லாட்லயே நின்னா ஸ்லாட்டோ ப்ராசஸரோ, ஏன்னா ரேமை இயக்குற மெமரி கன்ட்ரோலர் இப்ப ப்ராசஸருக்குள்ளதான் இருக்கு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டை சேர்த்து மாத்திட்டா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது.

நீங்க இருக்கிறது கடல் பக்கம், அதுவும் பார்க்கணும். உப்புத்தூள் போர்டுல படிஞ்சிருக்கும், காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா அந்த உப்பு தண்ணிய இழுத்துக் கசியும். ராத்திரி முழுக்க ஏசி ஓடவிட்டு காலையில ஜன்னலைத் திறந்தா வெளிக்காத்து குளிர்ந்த ரூமுக்குள்ள வந்து ஈரம் வேற படியும். ரேமைக் கழட்டி தங்க முனைகள்ல பச்சையோ கருப்போ இருக்கான்னு பாருங்க, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல நனைச்ச நூல் விடாத துணியால துடைங்க, ரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் வேணாம், மேல இருக்கிற தங்கப் பூச்சு தேஞ்சிடும்.

லாக்ல ஏசி பவர் லாஸ்ட்னு (வெளிக் கரண்ட் போச்சுன்னு அர்த்தம்) வந்தா யுபிஎஸ் பக்கம் போங்க. வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டுறீங்களா? எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாம தாக்குப்பிடிக்கிறது 16 மில்லிசெகண்ட் போலத்தான், இன்வெர்ட்டர் மாற அதைவிட நேரம் எடுத்தா புது எஸ்எம்பிஎஸ்ஸும் ரீஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். பக்கத்துல ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகுற நேரமும் சர்வர் விழுற நேரமும் ஒத்துப்போகுதான்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க.

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில எங்க கிளினிக் சர்வர் ரெய்டு 5ல (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒண்ணா ஓட்டுற முறை) ஓடுது, ஒரு டிஸ்க்ல ஆரஞ்சு லைட் எரியுது. ஆனா சர்வர் நல்லாத்தான் ஓடுது, மெதுவா பார்த்துக்கலாமான்னு மேடம் கேக்குறாங்க.

பதில்: மெதுவால்லாம் கூடாதுங்க. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனாத் தாங்கும், ரெண்டாவதும் போனா எல்லாமே போச்சு, ஒண்ணா வாங்கின டிஸ்க் எல்லாத்துக்கும் ஒரே வயசு வேற. முதல்ல பேக்கப். அப்புறம் ரெய்டு சாஃப்ட்வேர்ல ஸ்லாட் நம்பரையும் சீரியல் நம்பரையும் எழுதிவச்சு அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் உருவுங்க, தப்பான டிஸ்க்கை உருவி டேட்டாவைத் தொலைக்கிறது அடிக்கடி நடக்குற விபரீதம். மீதி டிஸ்க்குகளோட ஸ்மார்ட் ரிப்போர்ட்ல (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்றது) 5, 197, 198ங்கிற வரிகள்ல, அதாவது கெட்டுப்போன பகுதிகளைக் காட்டுற வரிகள்ல, எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க, ஏறினா அதுவும் போகப்போகுது. 199 மட்டும் ஏறினா பெரும்பாலும் கேபிள்தான்.

கேள்வி: 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துல நனைஞ்ச பழைய சர்வர் ஒண்ணு ரெட்டியார்பாளையம் வீட்டுல அப்படியே கிடக்கு. காஞ்சிருச்சு, ஆன் பண்ணி டேட்டா எடுக்கலாமா?

பதில்: ஆன் பண்ணாதீங்க. வெளிய காஞ்சிருந்தாலும் ஹார்ட்டிஸ்க்ல காத்துப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா அழுக்குத் தண்ணி உள்ள போயிருந்தா தட்டு சுத்துற அந்த நொடியிலயே ஹெட் உரசி டேட்டா போயிடும். டிஸ்க்கை மட்டும் கழட்டி டேட்டா ரிக்கவரி பண்றவங்ககிட்ட குடுங்க, வெள்ளத்துல நனைஞ்சதுன்னு மறக்காம முன்னாடியே சொல்லிடுங்க. போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் காப்பாத்த முயற்சி பண்ண வேணாம்.