களியா, கேக்கா?

அடுப்படி அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, ரேஷனில் அரிசிக்குப் பதிலா வாங்கின கேழ்வரகு வீட்டில் சேர்ந்துபோச்சு. அரைச்சு, வெல்லப்பாகு ஊத்தி, குக்கரில் கேக் பண்ணினேன். அடியில் கல்லு, நடுவில் கொழகொழ. மாமியார் ஒரு வாய் தின்னுட்டு, "களிக்கு எதுக்குடி வெல்லம் போட்ட?"ன்னு கேட்டாங்க. அழுகையே வந்துடுச்சு.
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: அழாதீங்க. மாமியார் நக்கலாத்தான் கேட்டிருப்பாங்க, ஆனா நோயைச் சரியாப் பிடிச்சுட்டாங்க. களி எப்படிக் கிண்டுறோம்? கொதிக்கிற தண்ணியில் மாவைக் கொட்டித்தானே? நீங்க கொதிக்கிற பாகை மாவில் ஊத்தியிருக்கீங்க. மாவு பாத்திரத்திலேயே பாதி வெந்து களியாயிடுச்சு. அப்புறம் குக்கர் என்ன செய்யும், பாவம்.

முக்கால் கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணியில் கரைச்சு, வடிகட்டி, நல்லா ஆற விடுங்க. முழுக்கக் கேழ்வரகு வேண்டாம். கோதுமை மாவைப் பிசைஞ்சா ஜவ்வு மாதிரி இழுக்குமே, அந்த குளூட்டன் கேழ்வரகில் இல்லை. சோடா கிளப்புற காத்தைப் பிடிச்சு வைக்க ஆள் வேணும். அதனால அரை கப் கேழ்வரகு, அரை கப் கோதுமை. ரெண்டையும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவோட சேர்த்து ரெண்டு தடவை சலிங்க. அரை கப் புளிச்ச தயிர், கால் கப் எண்ணெய், ஆறின பாகு. இட்லி மாவுப் பதம் வரணும், கெட்டியா இருந்தா பால் தெளிச்சுக்கலாம். தயிரும் சோடாவும் சேர்ந்த நொடியே வேலையை ஆரம்பிச்சுடும், அதனால கலக்கினதும் அடுப்பில் ஏத்திடணும். நடுவில் போன் வந்தா எடுக்காதீங்க, அம்மா வீட்டுப் போனா இருந்தாலும்.

மாவு கலக்குறதுக்கு முன்னாடியே குக்கரைத் தயார் பண்ணிடுங்க, பழைய குக்கரா எடுங்க. அடியில் ஒரு கப் கல் உப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு 10 நிமிஷம் சூடு பண்ணி, அப்புறம் கலக்கின மாவைப் பாத்திரத்தோட ஸ்டாண்டு மேல வச்சு மூடி, சிறு தீயில் 40 நிமிஷம். குச்சி குத்தினா ஒட்டாம வரணும்.

முதல் துண்டை மாமியாருக்கே கொடுங்க. மறுபடியும் களின்னு சொன்னா, கூடவே கீரைக் கடைசலும் வச்சுடுங்க.

கேள்வி: தர்மபுரியில் இருந்தவரை பன் நல்லா வந்துச்சு. ஓசூருக்குக் குடிவந்ததும் மாவு உப்பவே மாட்டேங்குது. ஈஸ்ட் மோசமா?
– ஓசூர் வாசகி

பதில்: ஈஸ்டைத் திட்டாதீங்க, அதுக்குக் குளிருது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கு, நம்ம தர்மபுரி அதில் பாதிதான். அணைச்ச ஓவனுக்குள்ளே மாவையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் வச்சு மூடுங்க. மணியைப் பார்க்காம மாவைப் பாருங்க, ரெண்டு மடங்கு ஆனா போதும். ஓவன் மேல "உள்ளே மாவு"ன்னு சீட்டு ஒட்டிடுங்க. எங்க வீட்டில் ஒருத்தர் பப்ஸ் சூடு பண்ண ஓவனைப் போட்டு, என் மாவை பிளாஸ்டிக் டப்பாவோட சேர்த்து வேக வச்சார். யாருன்னு சொல்ல மாட்டேன், கல்யாணமாகி 26 வருஷம் ஆச்சு.

கேள்வி: மாம்பழ கேக் ஈரமாவே இருக்கு.
– காவேரிப்பட்டணம் வாசகி

பதில்: மாம்பழ ஊரில் இருந்துக்கிட்டு கை அளவா நிக்குமா! பழக்கூழை அடுப்பில் வச்சுப் பாதியாச் சுண்ட விட்டு, ஆறினதும் சேருங்க. கிளிமூக்கு மலிவுதான், ஆனா மணத்துக்கு ரெண்டு அல்போன்சாவாவது கலந்துக்குங்க.

கேள்வி: குக்கர் கேக் சூப்பரா வந்துச்சு அக்கா. ஆனா மறுநாள் பருப்புக்கு விசிலே வரலை. கேஸ்கட்டைக் காணோம்!
– பாலக்கோடு வாசகி

பதில்: எங்க வீட்டில் மூணு நாள் தேடினோம். பையன் அதை ஸ்டியரிங்கா வச்சுக்கிட்டு, கட்டிலுக்கு அடியில் பஸ்ஸை ஒகேனக்கல்லுக்கு ஓட்டிக்கிட்டிருந்தான். முதலில் கட்டிலுக்கு அடியில் பாருங்க.