மன உளைச்சலில் மாதவிலக்கு நிற்பது ஏன்?

கேள்வி: எனக்கு 26 வயது. போட்டித் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கிறேன். நான்கு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. ‘டென்ஷன்தான் காரணம்’ என்கிறார்கள். மனக்கவலை கருப்பையைப் பாதிக்குமா? இது நிரந்தரக் கோளாறாகிவிடுமா?

பதில்: உளைச்சல் முதலில் தொடுவது கருப்பையை அல்ல, மூளையை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் சில ஆயிரம் நரம்பணுக்கள் மட்டுமே ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது துடிப்பாக வெளிப்பட்டு, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வழியாகச் சினைப்பையை இயக்குகிறது. இத்துடிப்பு தளர்ந்தால் கருமுட்டை முதிராது, மாதவிலக்கும் தள்ளிப்போகும்.

உளைச்சல் நீடிக்கையில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோன், நரம்பணுவுக்குள் புகுந்து தன் ஏற்பியுடன் இணைந்து, உட்கருவிலுள்ள மரபணுக்கள் எந்த அளவுக்கு இயங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. 1990களில் சுண்டெலியின் ஜிஎன்ஆர்எச் அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்துச் சோதித்தபோது, கார்டிசால் வகை ஹார்மோன் ஜிஎன்ஆர்எச்சுக்கான மரபணுவை நேரடியாகவே அடக்கியது. ஆனால், உயிருள்ள உடலில் அண்டை அணுக்களின் பங்கே பெரிது என்பது என் கருத்து. அவ்வணுக்கள் சுரந்து துடிப்பை முடுக்கும் கிஸ்பெப்டின் என்னும் பொருள் உளைச்சலில் குறைகிறது. மறுபுறம், 2000ஆம் ஆண்டு ஜப்பானில் காடையின் மூளையில் கண்டறியப்பட்ட, இனப்பெருக்கத்தைத் தடுக்கும் ஜிஎன்ஐஎச் ஹார்மோனுக்கு நிகராக எலிகளில் உள்ள ஹார்மோன், அவை உளைச்சலுக்கு உள்ளாகும்போது கூடுகிறது.

இவற்றில் எதிலும் மரபணு சிதைவதில்லை, அதன் இயக்கம்தான் தாழ்கிறது. ஆகவே, உளைச்சலே காரணம் என்றால் உங்கள் நிலை மீளக்கூடியதே. 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இவ்வகையில் மாதவிலக்கு நின்ற 16 பெண்களில், சிந்தனைப் போக்கையும் பழக்கங்களையும் சீராக்கும் உளவியல் சிகிச்சை பெற்ற 8 பேரில் 6 பேருக்குக் கருமுட்டை வெளிப்பாடு திரும்பியது. சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்ட 8 பேரில் ஒருவருக்கே அது திரும்பியது.

எனினும், பரிசோதனை செய்யாமல் ‘டென்ஷன்’ என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். கருத்தரிப்பு, தைராய்டு கோளாறு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனின் மிகை, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை இல்லை என்று உறுதியான பின்னரே அந்த முடிவுக்கு வர வேண்டும். படிப்பு மும்முரத்தில் காலை உணவைத் தவிர்க்கிறீர்களா, எடை குறைந்திருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். போதிய உணவு இல்லாமையும் கிஸ்பெப்டினைத் தாழ்த்தும். மாத்திரையால் இரத்தப்போக்கை வரவழைப்பது மூளையின் துடிப்பை மீட்டுவிடாது. ஈஸ்ட்ரோஜன் நெடுநாள் குறைந்திருந்தால் எலும்பு அடர்த்தி இழக்கப்படும் என்பதால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.